நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குகிறதா? கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது இப்படி

ராத்திரி நன்றாக ஓடி வந்து நின்ற கார், காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்கிறது. சார்ஜ் போட்டால் இரண்டு நாள் ஓடுகிறது, பிறகு பழைய கதைதான். பலரும் இந்த இடத்தில் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தால் புது பேட்டரியும் மூன்றாம் நாள் படுத்துவிடும். எது குடிக்கிறது என்று அளந்து பார்த்த பிறகு செலவு செய்யுங்கள்.

தேவையானவை: 10 ஆம்பியர் வரை டிசி கரண்ட் அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், டெர்மினல் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் (பெரும்பாலும் 10 எம்எம்), ஒரு ஸ்க்ரூ டிரைவர், இரண்டு முனையிலும் கிளிப் உள்ள ஒரு துண்டு ஒயர், ஃபியூஸ் பிடுங்கும் சின்னக் கிடுக்கி. எந்த ஃபியூஸ் எதற்கு என்ற படம் ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். ஒயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி கரண்டை மட்டுமே அளக்கும், அது இங்கே உதவாது.

முதலில் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் சோதியுங்கள்

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைவு. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12.2 பாதி. 12.0-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. வண்டியை நிறுத்தியவுடன் அளந்தால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து அளந்தால் உண்மை தெரியும்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு அதே இரு முனைகளில் அளங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-க்கும் கீழே கிடந்தால் உங்கள் பிரச்சினை கசிவு அல்ல, சார்ஜே ஏறவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும், அதைச் சுழற்றும் பெல்ட்டையும் பாருங்கள்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு ராத்திரி பிடிக்கும், ஆனால் தவிர்க்காதீர்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் 12.6-இல் இருந்து 12.3-க்கு வந்திருந்தால் பேட்டரியே உள்ளுக்குள் கெட்டுவிட்டது. கழற்றினால் அப்படியே நிற்கிறது, மாட்டினால் இறங்குகிறது என்றால்தான் குற்றவாளி வண்டிக்குள் இருக்கிறது.

எவ்வளவு கரண்ட் அதிகம்?

கடிகாரம், ரேடியோ நினைவகம், அலாரம் ஆகியவை எப்போதும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். 20 முதல் 50 மில்லியாம்ப் வரை சாதாரணம். 30 மில்லியாம்ப் என்றால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர்தான். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி இதை வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் டிக்கிக்குள் அணையாமல் எரியும் ஒரு 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர் ஹவர். இரண்டரை நாளில் பாதி பேட்டரி போய்விடும். பழைய பேட்டரி என்றால் அவ்வளவு நாள்கூட நிற்காது.

மீட்டரை இணைப்பது

சாவியை எடுத்துவிட்டு எல்லா விளக்குகளையும் அணையுங்கள். பானட்டுக்குக் கீழே விளக்கு இருந்தால் அந்தப் பல்பைக் கழற்றுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் மடக்குங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி நம்பிக்கொள்ளும். (முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள்.) கதவுத் தூணில் அழுத்தும் பொத்தான் உள்ள வண்டிகளில் அதை டேப் போட்டு அமுக்கினால் போதும். கேபிளைக் கழற்றினால் ரேடியோ ரகசிய எண் கேட்கும் வண்டியா என்றும் முன்னதாகவே பாருங்கள்.

மீட்டரின் கருப்பு ஒயர் 'காம்' துளையில், சிவப்பு ஒயர் '10ஏ' துளையில், மீட்டரின் திருகும் குமிழ் டிசி ஆம்பியரில். இந்த நிலையில் மீட்டர் வெறும் கம்பிக்குச் சமம். பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் அதால் நேராகத் தொட்டால் ஷார்ட் ஆகும். நல்ல வேளையாக இருந்தால் மீட்டரின் ஃபியூஸ் மட்டும் போகும்.

கழற்ற வேண்டியது நெகட்டிவ் கேபிளை மட்டும். பாசிட்டிவ் பக்கம் ஸ்பேனர் வைக்கும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். கழற்றும் முன்பே கிளிப் ஒயரின் ஒரு முனையை நெகட்டிவ் கேபிளிலும் மறு முனையை பேட்டரி முனையிலும் மாட்டுங்கள். இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால் வண்டியின் கண்ட்ரோல் யூனிட்கள் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள்) விழித்துக்கொண்டு கரண்ட் இழுக்கும், அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பாலம். இப்போது கேபிளை முனையிலிருந்து எடுத்து, மீட்டரின் சிவப்பைக் கேபிளிலும் கருப்பை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் பிடிக்கச் செய்யுங்கள்.

காத்திருங்கள். எளிய பழைய வண்டிக்கு ஐந்து நிமிடம், கண்ட்ரோல் யூனிட்கள் உள்ளதற்கு 30 முதல் 45 நிமிடம். பிறகு கிளிப் ஒயரை எடுத்துவிட்டு எண்ணைப் படியுங்கள். அவசரப்பட்டு முதல் நிமிடத்தில் 2 ஆம்பியரைப் பார்த்துப் பதறுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. இரண்டாவது தவறு, 0.45 என்ற எண்ணைச் 'சின்னதுதானே' என்று விடுவது. அது 450 மில்லியாம்ப். திரையில் 0.05-க்குள் இருந்தால்தான் நிம்மதி.

மீட்டர் இணைந்திருக்கும்போது இக்னிஷன், ஹெட்லைட், பவர் விண்டோ எதையும் தொடாதீர்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்.

ஃபியூஸ் ஃபியூஸாக

அதற்கு முன், பிற்பாடு பொருத்திய சாதனங்கள் எல்லாவற்றின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள்: அலாரம், டிராக்கர், டேஷ் கேமரா, ஆம்ப்ளிஃபையர். பழைய வண்டியில் முதல் சந்தேகம் எப்போதும் இவற்றின் மேல்தான். ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயர் நினைவகத்துக்கு, சிவப்பு ஒயர் சாவிக்கு. இரண்டையும் சேர்த்து முறுக்கி எப்போதும் கரண்ட் உள்ள ஒயரில் மாட்டியிருந்தால் சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோ தூங்காது.

எண் இன்னும் குறையவில்லையா? ஃபியூஸ் பெட்டியை ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணைப் பாருங்கள், பிறகு அதே இடத்தில் திரும்பச் செருகுங்கள். 0.48-இல் இருந்து 0.03-க்கு விழும் ஃபியூஸ்தான் நமக்கு வேண்டியது.

பிடுங்கிச் செருகும்போது சில யூனிட்கள் விழித்துக்கொண்டு எண் குதிக்கும். அப்படியானால் பேட்டரியை வழக்கம்போல் மாட்டி, வண்டி மறுபடி தூங்கக் காத்திருந்து, மீட்டரின் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றி, 200 மில்லிவோல்ட் அளவில் ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அதில் கரண்ட் ஓடவில்லை. 0.1, 0.3 என்று காட்டினால் ஓடுகிறது. எதையும் பிடுங்க வேண்டாம் என்பதால் இந்த முறைதான் எனக்குப் பிடித்தது.

உள்விளக்கு ஃபியூஸில் சிக்கினால் டிக்கி, டாஷ்போர்டு பெட்டி விளக்குகளைச் சந்தேகியுங்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் விளக்கு அணைகிறதா என்று தெரிந்துவிடும். பிரேக் லைட் ஃபியூஸ் என்றால் பெடலின் மேல்பகுதியைப் பாருங்கள். ஸ்விட்சை அழுத்தி நிற்கும் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அடைப்பான் வயதாகி நொறுங்கிவிட்டால் பிரேக் விளக்கு அணையவே அணையாது. 21 வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் 3.5 ஆம்பியர், ஒரே ராத்திரியில் பேட்டரி காலி. சூடாக இருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஏதாவது இருந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதே எண் உள்ள பக்கத்து ரிலேயோடு மாற்றிப் பாருங்கள்.

எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் எண் அசையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். அதன் தடித்த ஒயர் இந்தச் சின்ன ஃபியூஸ்கள் வழியே போவதில்லை. உள்ளே ஒரு டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கெட்டால் கரண்ட் பின்னோக்கிக் கசியும். மீட்டரையும் எடுத்து, நெகட்டிவ் முழுதாகப் பிரிந்திருக்கும்போது மட்டும் அந்தத் தடித்த ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, மறுபடி அளங்கள். எண் விழுந்தால் டயோடுதான்.

பழுதைச் சரிசெய்த பின் இன்னொரு முறை அளந்து 0.05-க்குள் வந்ததை உறுதி செய்யுங்கள். பேட்டரியை சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள், கடைக்குப் போய்வரும் ஓட்டத்தில் அது நிறையாது. கடைசியாக ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவரை வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால், பலமுறை காலியானதில் பேட்டரியும் வலுவிழந்துவிட்டது. புதிது வாங்கும் நேரம் இதுதான்.