அமிகா 500-க்கு எல்சிடி மானிட்டரா? 15 கிலோஹெர்ட்ஸ் முக்கியம்

1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டரான கமடோர் அமிகா 500-க்கு செகண்ட் ஹேண்ட் எல்சிடி மானிட்டர் தேடுகிறீர்களா? திரை அளவை அப்புறம் பாருங்கள். முதலில் மேனுவலைத் தேடி எடுத்து, ஹரிசான்டல் ஃப்ரீக்வென்ஸி (நொடிக்கு வரையும் வரிகள்) 15 கிலோஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறதா, வெர்டிகல் (நொடிக்குத் திரை புதுப்பிக்கப்படும் தடவைகள்) 50 ஹெர்ட்ஸை ஏற்கிறதா என்று பாருங்கள்.

பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் டிவி முறை) வகை அமிகா நொடிக்கு 15,625 வரிகள், அதாவது சுமார் 15.6 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும்; சாதாரண விஜிஏ சுமார் 31,500. பெரும்பாலான மானிட்டர்கள் 30 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காததால் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று காட்டிவிட்டுத் திரை கறுத்துவிடும். அமிகாவின் வீடியோ போர்ட்டை விஜிஏவுடன் இணைக்கும் 23 பின் அடாப்டர் கேபிளை மட்டும் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அது பின்களைத்தான் இடம் மாற்றும், வேகத்தை அல்ல. மேனுவலில் 15 இல்லாவிட்டாலும் காட்டும் மாடல்கள் உண்டு. அமிகா வட்டாரத்தில் பேர்போனது 17 அங்குல பென்க்யூ பிஎல்702ஏ. அப்படிப்பட்டதை நேரில் இணைத்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

அமிகா 1200 வைத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்: விஜிஏவுக்கு நெருக்கமான வேகத்தில் ஓடும் மல்டிஸ்கேன் மோடில் ஒர்க்பெஞ்ச் (அமிகாவின் டெஸ்க்டாப்) பல விஜிஏ மானிட்டர்களில் அழகாகத் தெரியும், கேம் தொடங்கியதும் சிக்னல் 15-க்கு இறங்கி, படம் போய்விடும்.

பழைய பிசிகளின் கிராஃபிக்ஸ் கார்டான ஐபிஎம் சிஜிஏவுக்கு இந்த வழி ஒத்துவராது. அதன் வேகமும் கிட்டத்தட்ட 15.7 கிலோஹெர்ட்ஸ்தான், ஆனால் அது டிஜிட்டல் சிக்னல். 0.7 வோல்ட் எதிர்பார்க்கும் விஜிஏ உள்ளீட்டில் 5 வோல்ட் வரை பாய்ச்சினால் மானிட்டர் கெட்டுப்போகலாம். தனி கன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும். கமடோர் 64-இல் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும்) வெளியீடே கிடையாது, அதற்குக் காம்போசிட் (முழுப் படமும் ஒரே கம்பியில் வரும்) உள்ளீடுள்ள டிவி போதும்.