லீவில் இருபது செடி காயவைப்பது எப்படி

கல்லூரி திறக்கும்போது ஆளுக்கு இருபது ஹெர்பேரியம் தாள், அதாவது செடியைக் காயவைத்து ஒட்டிப் பெயர் எழுதிய அட்டை, கொண்டுவர வேண்டும் என்று ஏப்ரலிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். தாவரவியல் முதல் வருஷம் முடித்திருந்த நான் அதை மே கடைசி வரை நினைக்கவேயில்லை. அப்புறம் ஒரே நாளில் ஓடி ஓடிப் பறித்து, வீட்டிலிருந்த தடித்த அகராதிக்குள் சொருகி, மேலே இரண்டு செங்கல் வைத்தேன். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் போய்த் திறந்தால் ஏழு செடியில் வெள்ளைப் பூசணம். துத்திப்பூ இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அகராதியும் போச்சு.

அடுத்த லீவு முழுக்க உடன்குடிப் பக்கம் ஆச்சி வீட்டில் இருந்தேன். போன வருஷக் கதையைச் சொன்னதும் ஆச்சி கேட்ட ஒரே கேள்வி: "ஏட்டி, கருவாட்டைப் பொத்தி வச்சா நாறாதா?" எங்கள் செய்முறைக் கையேட்டில் நாலு பக்கத்துக்கு இருப்பது அவ்வளவுதான். அமுக்குவது இலை சுருங்காமல் இருப்பதற்கு மட்டுமே. செடியைக் காப்பாற்றுவது, ஈரம் வெளியே போக வழி இருப்பது. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் கைவேலை.

முதல் வேலை பேப்பர் சேர்ப்பது. இருபது செடிக்கு ஏறக்குறைய ஒரு மாதத்துப் பழைய செய்தித்தாள் வேண்டும். வீட்டில் எடைக்குப் போடுவதற்கு முன்னால் மடக்கிவிடுங்கள். எனக்குப் பாதி டீக்கடையில் கிடைத்தது. பளபளவென்று வரும் விளம்பரத் தாளும் வார இதழும் உதவாது, தண்ணீரை உறிஞ்சாது.

பறிக்கப் போகிற நேரம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது. பனி காய்ந்திருக்க வேண்டும், வெயில் ஏறியிருக்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் பத்து மணிக்குப் பறித்த தும்பை வீடு வருவதற்குள் கீரைக்கட்டு மாதிரி துவண்டுவிடும். சின்னச் செடியென்றால் வேரோடு முழுசாக. புதரோ மரமோ என்றால் ஒரு முழத்துக்குக் குறைவான கிளை, அதில் இலை, பூ, முடிந்தால் காய். பூவில்லாத செடியைக் கொண்டுவந்து ஒரு பிரயோசனமும் இல்லை, பெயர் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். மே மாதத்தில் எங்கே பூ என்று கேட்பீர்கள். குழாயடிக்கும் வாழைத்தோட்ட வாய்க்காலுக்கும் போங்கள். தும்பை, குப்பைமேனி, நாயுருவி எல்லாம் அங்கே பச்சையாக நிற்கும். ஆவாரையும் எருக்கும் வெயிலுக்குப் பயப்படுவதில்லை. திருச்செந்தூர் கடற்கரையில் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் கிடைத்தன. தேரிக்காட்டுச் செம்மணலில் இறங்க எனக்கு ஆசைதான், ஆனால் அதில் ஒரு பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் ஒரு இலை கூடக் கிள்ளாதீர்கள். சாலையோரச் செடிகளே இருபதுக்குத் தாராளம்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஊமத்தை முழுக்க விஷம். இரண்டையும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பறித்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும்: தேதி, ஊர், வாய்க்கால் கரையா குப்பைமேடா, செடி எவ்வளவு உயரம், பூ என்ன நிறம், ஒடித்தால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன வாசனை. காய்ந்த பிறகு இதில் எதுவுமே செடியில் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டு, அதே நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிச் செடியோடு வையுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்று நான் விட்ட இரண்டு செடிகளும் இன்றுவரை அநாமதேயம்தான்.

செடியை அமுக்குவதற்குப் பிரஸ் என்று கடையில் விற்பதை வாங்கத் தேவையில்லை. ஆசாரி வீட்டில் கழித்துப் போட்ட பிளைவுட்டில் ஒன்றரை அடிக்கு ஒரு அடியாக இரண்டு துண்டு கேட்டு வாங்கி, அங்கங்கே துளை போட்டுக்கொண்டேன். ஒரு பலகை, அதன் மேல் ஐந்தாறு பேப்பர், செடி, மறுபடி ஐந்தாறு பேப்பர், அடுத்த செடி. கடைசியில் மேல் பலகை. கொச்சக்கயிறால் இறுக்கிக் கட்டி, மேலே அம்மிக்குழவி. செடி தாளைவிட நீளமென்றால் வெட்டாமல் ஆங்கில V மாதிரியோ N மாதிரியோ மடக்குங்கள். ஒரு இலையையாவது புரட்டிப் போட்டு அடிப்பக்கம் தெரிய வையுங்கள். நரம்பும் ரோமமும் அங்கேதான் இருக்கும்.

மறுநாள் கட்டாயம் பிரிக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரத்தில் செடி வியர்த்து, துணி மாதிரி தொய்ந்திருக்கும். மடங்கிய இதழையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இலையையும் பிரித்துச் சரிசெய்ய அதுதான் கடைசி வாய்ப்பு. அப்புறம் விறைத்துவிடும், தொட்டால் ஒடியும். ஈரப் பேப்பரை எடுத்துவிட்டுக் காய்ந்ததை வையுங்கள். முதல் நாலு நாள் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். எடுத்த பேப்பரை முற்றத்தில் கல் வைத்துக் காயப்போட்டால் மறுநாளுக்கு ஆகும். பலகையோடு கட்டியதை அப்படியே வெயிலில் நிறுத்தி வைக்கலாம். செடியை மட்டும் தனியாக வெயிலில் போட்டுவிடாதீர்கள், நிறமும் போகும், அப்பளம் மாதிரி சுருளும்.

காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. காம்பைப் பிடித்துத் தூக்கினால் தொங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்குத் தும்பை ஆறு நாளில் முடிந்தது, எருக்கு பதினாலு நாள் எடுத்தது.

பிரண்டை தனிக் கதை. நாலு நாள் கழித்துக் கட்டைத் திறந்தால் இருட்டுக்குள் வெளுத்த தளிர் விட்டிருந்தது! சதைப்பற்றுள்ள எதுவும் பேப்பருக்குள் அவ்வளவு சீக்கிரம் சாகாது. முதலில் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து, துணியில் ஒற்றி, பிறகு அமுக்க வேண்டும். பூவை மட்டும் தண்ணீர் படாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுகிற தாள் 42-க்கு 29 சென்டிமீட்டர், கெட்டி வெள்ளை அட்டை. இலையின் முதுகில் ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி ஒட்டி, தண்டை மட்டும் வெள்ளை நூலால் இரண்டு மூன்று இடத்தில் தைத்துவிடுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். ஒரு வருஷத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். உதிர்ந்த விதையைச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் போட்டு ஓரத்தில் ஒட்டுங்கள். வலது கீழ்மூலையில் லேபிள்: குடும்பம், அறிவியல் பெயர், ஊர்ப் பெயர், இடம், தேதி, பறித்தவர், நம்பர். அறிவியல் பெயரைக் கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போட வேண்டும். ஒரே நீளக் கோடு இழுத்து மார்க்கை இழந்தவர்கள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர்.

பெயர் கண்டுபிடிக்க எங்களுக்கு இன்னமும் கேம்பிளின் புத்தகம்தான் கதி. மெட்ராஸ் மாகாணத்துச் செடிகளுக்காக 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்த புத்தகம், இணையத்தில் ஸ்கேன் செய்தது கிடைக்கிறது. ஆனால் பெயர்கள் மாறியிருக்கும். ஆவாரை அதில் காசியா, இப்போது சென்னா ஆரிகுலேட்டா. எருக்கின் பழைய குடும்பம் அஸ்கிளப்பியடேசி, இப்போது அப்போசைனேசிக்குள் சேர்த்துவிட்டார்கள். எங்கள் பாடத்திட்டம் பெந்தாம்–ஹூக்கர் என்ற பழைய வகைப்பாட்டு முறையில் போவதால் பழைய குடும்பத்தையே எழுதச் சொன்னார்கள். உங்கள் கல்லூரியில் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேப்பர் மாற்றுகிற வேலை காலையில் அரைமணி நேரம். மீதிப் பொழுதுக்கு ஆச்சி பனையோலையைக் கையில் கொடுத்துவிட்டாள், பெட்டி முடைய. அதிலும் கதை காயவைப்பதில்தான் தொடங்குகிறது. வடலியிலிருந்து, அதாவது இளம் பனையிலிருந்து, விரியாத குருத்தோலை ஒன்றுதான் வெட்ட வேண்டும், அடுத்த குருத்தைத் தொடக்கூடாது. மட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும், என் முழங்கையில் தழும்பு இருக்கிறது. இலக்குகளை, அதாவது ஓலையின் தனித்தனி இதழ்களை, பிரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டால் சந்தன நிறத்துக்கு வரும். ஆச்சி ராத்திரி பனியிலும் விட்டுவைப்பாள். செடிக்கு ஆகாத வெயில் ஓலைக்கு ஆகிறது, அது ஏனென்று ஆச்சிக்கும் கவலையில்லை எனக்கும் இல்லை. முடையப் போகும்போது ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒடியாமல் வளையும்.

பேனா வைக்கிற பெட்டிக்குக் கணக்கு இது. ஈர்க்கை நீக்கிவிட்டு ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், 40 சென்டிமீட்டர் நீளத்தில் இருபத்தாறு கீற்று. எட்டு நெடுக்கே, எட்டு குறுக்கே, ஒன்றுக்கு மேல் ஒன்றுக்குக் கீழ் என்று நடுவில் பின்னினால் எட்டுக்கு எட்டு அடிப்பாகம் வரும். இடைவெளி தெரியாமல் நெருக்குங்கள், இதில் விட்டது பிறகு சரியாகாது. நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற கீற்றை மேலே மடக்கினால் முப்பத்திரண்டு நிற்கும். மிச்சப் பத்தில் ஒவ்வொன்றையும் சுற்றிலும் ஒரு வளையமாகப் பின்னி, முனையை நாலு கீற்றுக்கு அடியில் ஒளித்துவிடுங்கள். ஒரு வரிசையில் மேலே போன இடம் அடுத்த வரிசையில் கீழே போக வேண்டும். பத்து வரிசையில் பேனா உயரம் வந்துவிடும். கடைசி வளையத்துக்கு வெளியே நிற்கும் கீற்றுகளை உள்பக்கம் மடக்கிச் சொருகி, உள்ளே நிற்பவற்றை ஒட்ட வெட்டுங்கள். என் முதல் பெட்டி சாய்ந்திருந்தது. ஆச்சி அதில் பூண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

அதே லீவில் செய்த இன்னொன்று நோட்டு தைப்பது, ஒரு மத்தியான வேலை. போன வருஷ நோட்டுகளில் கடைசிப் பாதிதான் வெறுமையாக மிஞ்சும், ஆகவே நடுத்தையல் போட முடியாது. ஒற்றைத் தாள்களாகக் கிழித்து அடுக்கி, மேலும் கீழும் தினசரி காலண்டர் அட்டை வைத்து, ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி ஆணியால் ஐந்து துளை போடுங்கள். கோணி ஊசியில் கெட்டி நூல் கோத்து மேலும் கீழுமாகப் போய், விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து முடிச்சுப் போடுங்கள். நூறு தாளுக்கு மேல் வைத்தால் விரியாது. அடுத்த செமஸ்டர் ரஃப் நோட்டுக்கு இது போதும், நான் மூன்று தைத்தேன்.

கிளம்புகிற அன்று, ஒட்டிய தாள்களை இரண்டு பலகைக்கு நடுவில் கட்டி, இரண்டு நாப்தலின் உருண்டை போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் சாமான் தட்டில் வைத்தால் அதன் மேல் ஒரு ஆளின் டிபன் கேரியர் ஏறி உட்காரும். ஆச்சி கொடுத்தனுப்பும் கருப்பட்டியை அதே பையில் வைக்காதீர்கள். திருச்செந்தூர் தாண்டுவதற்குள் எறும்பு வந்துவிட்டது.