மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுவதில் நாம் செய்யும் தவறுகள்

மாடியில் குண்டுமல்லி வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "செடி தளதளன்னு இருக்கு, மொட்டே வரலையே, என்ன உரம் போடலாம்?" என்பதுதான். கார்த்திகையில் தண்ணீர் ஊற்றினீர்களா என்று திருப்பிக் கேட்பேன். "ஒரு நாள்கூட விடாம ஊத்தினேனே" என்று பதில் வரும். அங்கேதான் பூ போயிற்று.

மல்லி வருடம் முழுக்க ஒரே அளவு குடிக்கிற செடி அல்ல. வயலில் மல்லி வைத்திருப்பவர்கள் நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்வார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுவார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் காலமும் அதுதான். கவாத்துக்கு முன்பே பாசனத்தை நிறுத்திச் செடியைக் காயப்போடுவார்கள். ஈரம் குறைந்ததும் செடி புது இலை விடுவதை விட்டு ஓய்வுக்குப் போகும். அப்போது வெட்டினால் தை மாதத்தில் எல்லாப் பக்கமும் துளிர் வெடிக்கும். மல்லி பூப்பது அந்தப் புதுத்துளிரில்தான். ஓய்வே இல்லாமல் தண்ணீர் குடித்த செடி பழைய கிளையிலேயே இலையாக வளர்ந்துகொண்டிருக்கும்.

தொட்டியில் மண் கொஞ்சம்தானே, அதனால் வயல் அளவுக்குக் காயப்போட வேண்டாம். பத்து நாள் போதும். அடிஇலைகள் பழுத்து உதிர்ந்தால் பயப்படாதீர்கள். சிக்கல் என்னவென்றால், அது மழைக்காலம். நீங்கள் நிறுத்தினாலும் வானம் நிறுத்தாது. தொட்டியை சன்ஷேடுக்குக் கீழே இழுத்து வைத்துவிடுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் ஐப்பசி பிறந்ததுமே எடுத்துவிடுங்கள்.

வெட்டிய பிறகு வருகிற தவறு இன்னும் மோசமானது. நானே ஒரு செடியை அப்படித்தான் இழந்தேன். வெட்டி, இலையெல்லாம் உருவிவிட்ட செடியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சீக்கிரம் துளிர்க்கட்டும் என்று தினமும் ஊற்றினேன். இலை இல்லாத செடி எதன் வழியாகத் தண்ணீரை வெளியேற்றும்? ஊற்றியதெல்லாம் மண்ணிலேயே தங்கியது. இரண்டே வாரத்தில் தண்டின் அடி கறுத்தது. பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பாகி நாற்றம் அடித்தது. இப்போதெல்லாம் துளிர் கண்ணில் படும்வரை மண் தூளாக உதிர்ந்தால் மட்டும் ஒரு சொம்பு ஊற்றுகிறேன்.

மாசி, பங்குனியில் மொட்டு தெரிந்ததும் கணக்கு தலைகீழாகிறது. அப்போது காயவிட்டால் மொட்டு சிறுத்துப்போகும், உதிரவும் செய்யும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டிக்கு தினமும், சிறிய மண்தொட்டி என்றால் இரண்டு வேளையும்கூடத் தேவைப்படும். மண்தொட்டியின் சுவரே ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். பிளாஸ்டிக் தொட்டி அப்படி விடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே அளவு ஊற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒன்று காய்ந்து நிற்கும், மற்றது அழுகும்.

தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் கண்ணை ஏமாற்றும். மேலே வெளிறிக் காய்ந்திருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். இதற்கு நேர்மாறும் உண்டு. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்து ஊற்றினால், அடியில் உடனே தண்ணீர் வந்துவிடும், நன்றாக நனைந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் காய்ந்து சுருங்கிய மண் தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும். தண்ணீர் அந்த வழியாகவே இறங்கிப் போயிருக்கும். வேர்ப்பகுதி அப்படியே காய்ந்திருக்கும். பத்து நிமிடம் விட்டு விட்டு மூன்று முறை மெல்ல ஊற்றுங்கள். தொட்டி சிறியதென்றால் தண்ணீர் நிரம்பிய டப்பில் அரைமணி நேரம் உட்கார வைத்து எடுங்கள்.

தினமும் ஒரு டம்ளர் தெளிப்பதும் தவறுதான். மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே சுற்றும். ஊற்றுகிற அன்று அடித்துளையில் வழிகிறவரை ஊற்றிவிட்டு, அடுத்து மண் கேட்கும்வரை விட்டுவிடுங்கள்.

மதியம் இலை தொங்கினால் உடனே ஓடாதீர்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது வெயிலின் களைப்பு. விடியற்காலையிலும் தொங்கினால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் தொங்குகிறது என்றால், காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறுகிறது. அந்த நிலையில் தாகம் என்று நினைத்து இன்னொரு வாளி ஊற்றுவதுதான் செடியை முடித்துவிடுகிறது. இன்னொன்று: மொட்டைமாடியில் கிடக்கும் ஹோஸ் பைப்பில் மே மாதம் முதலில் வருவது வெந்நீர். அதைத் திறந்துவிட்டு, கை பொறுக்கும் சூடு ஆனபிறகு செடிக்குத் திருப்புங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் மல்லிக்கு ஊற்றுகிறவர்கள் அநேகம். போர் தண்ணீரில் இருந்த உப்பு செறிந்து வருவது அதில்தான். பாத்திரம் கழுவப் பிடித்து வையுங்கள், தொட்டிக்கு வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் இடையில் இலை மஞ்சளாகவும் தெரியும். அதற்கு அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளிக்கலாம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோ தாராளமாக ஊற்றி அடியில் வழியவிட்டால் சேர்ந்த உப்பும் கரைந்து இறங்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது. ஒரு வாளியில் பிடித்து, சில்லிப்பு போனதும் ஊற்றலாம், என் செடிகளுக்குக் கோடையில் பாதி அதுதான்.