டவர் மூடிய பிறகு புறப்படும் விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பயணிகள் ஜெட் வந்துபோகும் பல விமான நிலையங்களில் கட்டுப்பாட்டு டவர் இரவு முழுவதும் திறந்திருப்பதில்லை. கடைசி விமானம் தாமதமானால், கன்ட்ரோலர்கள் வேலை முடித்துப் போன பிறகுதான் அது கிளம்ப வேண்டியிருக்கும். இது விதிமீறல் இல்லை. விமான நிறுவனத்தின் நடைமுறை இடம் கொடுத்தால் முறைப்படி செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் தினமும் டவர் சொல்லக் கேட்டே பறந்து பழகியவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். அதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு.

டவர் ‘கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்’ (புறப்படலாம்) என்று சொல்லும்போது அதில் இரண்டு உறுதிகள் சேர்ந்தே வருகின்றன. மேலே போக வழி இருக்கிறது, கீழே ஓடுபாதை காலியாக இருக்கிறது. டவர் மூடியதும் முதல் உறுதி மட்டும் தொலைவிலிருந்து வான்வழியைக் கவனிக்கும் ‘அப்ரோச்’ அல்லது ‘சென்டர்’ கன்ட்ரோலரிடமிருந்து ‘ரிலீஸ்’ என்ற பெயரில் கிடைக்கும். இரண்டாவதைத் தர யாருமே இல்லை. ரிலீஸ் கிடைத்ததை ஓடுபாதைக்கான அனுமதியாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

ரிலீஸ் கொடுத்தவருக்கு உங்கள் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. கருவிகளை நம்பி ஐ.எஃப்.ஆர். முறையில் பறக்கும் மற்ற விமானங்களிடமிருந்து மட்டுமே அவர் உங்களைப் பிரித்து வைக்கிறார். கண்பார்வையை நம்பி வி.எஃப்.ஆர். முறையில் இறங்கிக்கொண்டிருக்கும் சிறிய விமானம் அவர் கணக்கில் இல்லாமல் இருக்கலாம். ஓடுபாதையில் பராமரிப்பு வண்டி நிற்கலாம், மான் நிற்கலாம். தன் இருப்பைத் தானே சமிக்ஞையாகத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் இல்லாத விமானத்தை, மோதலை எச்சரிக்கும் டிகேஸ் கருவியும் காட்டாது. ஆகவே உள்ளே நுழையும் முன் ஓடுபாதையின் இரண்டு முனைகளையும் அவற்றை நோக்கி இறங்கும் பாதைகளையும் இரண்டு விமானிகளும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். நுழைந்த பிறகு அங்கேயே நின்று சரிபார்ப்புப் பட்டியல் படிப்பது கூடாது. பின்னால் இறங்குபவரைத் திருப்பி அனுப்ப யாரும் இல்லை.

அப்புறம் ரேடியோ. டவர் மூடியிருக்கும்போது எல்லோரும் தங்கள் இருப்பிடத்தைத் தாங்களே அறிவிக்கும் பொது அலைவரிசைக்கு சிடாஃப் என்று பெயர். பெரும்பாலும் அது டவரின் அலைவரிசையேதான். பழக்க தோஷத்தில், தரைப் போக்குவரத்துக்கான கிரவுண்ட் அலைவரிசையில் டாக்ஸி (ஓடுபாதைக்கு உருண்டு செல்வது) அறிவிப்பு செய்தால் கேட்க ஆளே இருக்காது. ரிலீஸ் வாங்கும் அவசரத்தில் இரண்டு விமானிகளும் அப்ரோச்சையே கேட்டுக்கொண்டிருப்பது இன்னும் ஆபத்து. இன்ஜின் இயக்கும்போது தொடங்கி, புறப்பட்டு 10 மைல் தாண்டும் வரை சிடாஃபைக் கேட்டுப் பேச வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் பரிந்துரை.

இது எவ்வளவு முக்கியம் என்பதை இல்லினாய் மாநிலத்தின் குவின்சி விபத்து காட்டுகிறது. 1996 நவம்பர் 19. அது டவரே இல்லாத நிலையம். யுனைட்டெட் எக்ஸ்பிரஸ் 5925 என்ற பயணிகள் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. குறுக்கு ஓடுபாதையின் முனையில் கிங் ஏர் என்ற சிறிய விமானம், அதன் பின்னால் செரோக்கி என்ற இன்னொரு சிறிய விமானம். ‘கிங் ஏர் புறப்படப் போகிறதா, காத்திருக்குமா?’ என்று இறங்கும் விமானிகள் கேட்டார்கள். கிங் ஏர் வாய் திறக்கவில்லை, பின்னால் நின்ற செரோக்கி பதில் சொன்னது. அதே நொடியில் 5925இன் விமானி அறையில் ஒலித்த எச்சரிக்கைக் குரல் பதிலின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. கிங் ஏர்தான் காத்திருப்பதாகச் சொல்கிறது என்று அவர்கள் நம்பி இறங்கினார்கள். கிங் ஏர் ஓடத் தொடங்கியது. சந்திப்பில் மோதி இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். கிங் ஏர் விமானிகள் அலைவரிசையைக் கவனிக்கவில்லை அல்லது சுற்றிலும் சரியாகப் பார்க்கவில்லை என்பதையே விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது.

பேசும்போது நிலையத்தின் பெயர், உங்கள் அழைப்புப் பெயர், ஓடுபாதை எண், எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதெல்லாம் தெளிவாக வர வேண்டும். ‘எனி டிராஃபிக் இன் தி ஏரியா, ப்ளீஸ் அட்வைஸ்’ (இந்தப் பகுதியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்) என்று கேட்பதை எஃப்.ஏ.ஏ. எந்தச் சூழலிலும் வேண்டாம் என்கிறது. பதில் வராததை வைத்து யாருமில்லை என்று முடிவு கட்டுவது அதைவிட மோசம். ரேடியோவே இல்லாத விமானம்கூட அங்கே சட்டப்படி பறக்கலாம்.

விளக்குகளையும் மறக்கக் கூடாது. பல இடங்களில் ரேடியோ மைக் பொத்தானை ஐந்து வினாடிக்குள் ஏழு முறை அழுத்தினால் ஓடுபாதை விளக்குகள் முழு வெளிச்சத்துக்கு வரும். 15 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். டாக்ஸி நீண்டுபோனால் ஓட்டத்தின் நடுவில் இருட்டாகும், ஆகவே புறப்படும் முன் இன்னொரு முறை அழுத்துங்கள். 2006 ஆகஸ்ட் 27 அன்று கென்டக்கியின் லெக்சிங்டனில் காம்ஏர் 5191 விமானிகள் 7,003 அடி நீளமுள்ள 22ஆம் ஓடுபாதைக்குப் பதிலாக சுமார் 3,500 அடி மட்டுமே உள்ள 26இல் ஓடினார்கள். விளக்கு இல்லாதது விசித்திரமாக இருக்கிறது என்று துணை விமானி சொல்லியும் நிற்கவில்லை. 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். அன்று டவரில் ஒரு கன்ட்ரோலர் இருந்தார், அப்படியும் அது நடந்தது. ஓடுபாதை எண் அதன் திசையைக் குறிப்பது, ஆகவே திசைகாட்டி காட்டும் எண் அதோடு பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு வினாடி போதும்.

மலைப் பகுதியென்றால் தடை தவிர்க்கும் புறப்பாட்டு முறையை முன்பே படித்து வைப்பது விமானியின் பொறுப்பு. வேறு எண் தரப்படாவிட்டால், 400 அடி உயரத்துக்கு முன் திரும்பக் கூடாது, கடல் மைலுக்குக் குறைந்தது 200 அடி ஏற வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. ரிலீஸ் தாமதமாகிறது என்று வி.எஃப்.ஆர். முறையில் கிளம்பி மேலே போய் கிளியரன்ஸ் (ஐ.எஃப்.ஆர். முறையில் பறக்கும் பாதைக்கான அனுமதி) வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசை இருட்டில், மலை நடுவில், மிக ஆபத்தானது. அதற்கு நிறுவனத்தின் அனுமதியும் இருக்க வேண்டும்.

கடைசியாக, கெடு நேரம். ரிலீஸோடு ‘இந்த நேரத்துக்குள் புறப்படாவிட்டால் கிளியரன்ஸ் செல்லாது’ என்று ஒரு நேரம் வரும். அது யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரம், உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டு குழம்பியவர்கள் உண்டு. 0510 என்றால் 0510க்கு முன்பே சக்கரம் தரையை விட்டிருக்க வேண்டும். அந்த நேரத்திலோ அதற்குப் பிறகோ கிளம்பினால் உங்களுக்குப் பிரிப்புப் பாதுகாப்பு கிடையாது, விதிமீறலாகவும் ஆகலாம். பனி நீக்க வேண்டியிருந்தாலோ பைகள் ஏற்றி முடியவில்லை என்றாலோ பயணிகள் ஏறும் ‘கேட்’டில் நிற்கும்போதே அவசரப்பட்டு ரிலீஸ் கேட்காதீர்கள். கிளியரன்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு, ஓடுபாதை முனையிலிருந்து ரேடியோ அல்லது தொலைபேசி வழியாக ரிலீஸ் கேட்கலாம். கெடு தவறிவிட்டால் பதற்றத்தில் ஓடத் தொடங்காமல் உடனே தகவல் சொல்லுங்கள். நீங்கள் பேசும் வரை, அல்லது கெடு முடிந்து 30 நிமிடம் ஆகும் வரை, அந்த நிலையத்துக்கான மற்ற ஐ.எஃப்.ஆர். போக்குவரத்தை நிறுத்தி வைப்பார்கள். அதற்கு மேலும் சத்தம் இல்லையென்றால் விமானம் காணவில்லை என்று கருதித் தேடுதல் தொடங்கிவிடும், நீங்கள் ‘கேட்’டிலேயே பத்திரமாக நின்றுகொண்டிருந்தாலும்.