எலெக்ட்ரிக் பேஸிலிருந்து டபுள் பேஸுக்கு: கருவியைச் சரிசெய்வது முதல் தந்தி மாற்றுவது வரை

எலெக்ட்ரிக் பேஸ் (பேஸ் கிட்டார்) வாசிக்கும் ஒருவர், வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவியான டபுள் பேஸுக்கு வரும்போது சுருதி அமைப்பைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஈ, ஏ, டி, ஜி என்று அதே நான்கு தந்திகள், அதே ஆக்டேவ் (ஸ்தாயி). எழுதப்படும் இசையும் அதேபோல, ஒலிப்பதைவிட ஓர் ஆக்டேவ் மேலேதான் இருக்கும். மாறுவதெல்லாம் உடல் செய்ய வேண்டிய வேலை: நிற்கும் விதம், விரல் வைக்கும் இடைவெளி, தந்தியை இழுக்கும் பலம்.

கை வலிக்கிறது, சத்தம் வரவில்லை என்றதும் பலரும் முதலில் தேடுவது விலை உயர்ந்த தந்தி செட்டைத்தான். அது தவறான வரிசை. முதலில் தந்தி உயரம், பிறகு கை, கடைசியில்தான் தந்தி. உயரம் சரியில்லாத பேஸில் எந்தத் தந்தியைப் போட்டாலும் அதன் குணம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

படி 1: தந்தி உயரத்தை அளந்து பாருங்கள்

முக்கால் அளவு என்று விற்கப்படும் டபுள் பேஸ்தான் பெரியவர்கள் வாசிக்கும் வழக்கமான அளவு. பெயரைக் கேட்டு அது சிறுவர்களுக்கானது என்று நினைத்து முழு அளவைத் தேடிப் போக வேண்டாம். முக்கால் அளவில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் அமரும் பட்டை) பிரிட்ஜ் (கீழே தந்திகளைத் தாங்கும் மரப்பாலம்) வரை தந்தியின் நீளம் சுமார் 104 முதல் 106 செ.மீ. வழக்கமான எலெக்ட்ரிக் பேஸில் இது 86.4 செ.மீ.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, ஃபிங்கர்போர்டு (விரல் பதிக்கும் பலகை) முடியும் இடத்தில் பலகைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளவிடுங்கள். ஸ்டீல் தந்தி போட்டு விரலால் வாசிக்கும் தொடக்கநிலைக்காரருக்கு ஜி தந்தியில் 5 முதல் 6 மி.மீ., ஈ தந்தியில் 8 முதல் 9 மி.மீ. வசதியாக இருக்கும். இதற்கு மேல் 2, 3 மி.மீ. கூடினாலே கை சீக்கிரம் களைத்துவிடும். எலெக்ட்ரிக் பேஸில் 2 மி.மீ. உயரத்துக்குப் பழகியவர் அதே அளவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இந்தத் தந்தி அகலமாக அதிர்கிறது. இடம் கொடுக்காவிட்டால் பலகையில் அடித்து இரையும்.

அடுத்து நட். இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் தொடக்கத்தில் இடது கையை அதிகம் வதைப்பது இதுதான். நட்டை ஒட்டி, தந்திக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். கார்டு இறுக்கமாக நுழைந்தால் சரி. தாராளமாக ஆடினால், பள்ளத்தை ஆழப்படுத்த வயலின் குடும்பக் கருவிகளைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். நீங்களே அரத்தால் ராவ வேண்டாம். ஒரு மி.மீ. அதிகம் போனால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

பிரிட்ஜின் இரு கால்களிலும் உலோகச் சக்கரங்கள் இருந்தால் உயரத்தை வீட்டிலேயே ஏற்றி இறக்கலாம். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். முழு இறுக்கத்தில் இடுக்கி வைத்துத் திருகினால் பிரிட்ஜ் பிளந்துவிடும். சக்கரமே இல்லாத பிரிட்ஜ் என்றால் அவற்றைப் பொருத்தச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மேற்பலகை ஈரம் ஏறி உப்பும், தந்தி உயரும். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் உலர்ந்து இறங்கும். அதனால் இந்தச் செலவு வீண் போகாது.

படி 2: நிற்கப் பழகுங்கள்

கருவியின் அடியில் உள்ள ஊன்றுகம்பியான எண்ட்பின்னை இழுத்து, நட் உங்கள் புருவத்துக்கு நேராக வரும்படி முதலில் வையுங்கள். இது தோராயம்தான். சரியான சோதனை வலது கையில் இருக்கிறது: முதுகை வளைக்காமல், ஃபிங்கர்போர்டின் கீழ்முனைக்கு அருகில் விரல் இயல்பாக விழ வேண்டும். குனிய வேண்டியிருந்தால் ஏற்றுங்கள். தோள் தூக்கினால் இறக்குங்கள்.

கருவியின் மேல் ஓரம் உங்கள் இடது இடுப்புக்கு உட்புறமாகச் சாய்ந்து நிற்கட்டும். இப்போது இடது கையை முழுவதும் எடுத்துவிடுங்கள். பேஸ் தானாக நின்றால் நிலை சரி. சரியத் தொடங்கினால், இதுவரை அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது உங்கள் இடது கைதான். அந்தக் கையால் இடம் விட்டு இடம் நகர முடியாது. டைல்ஸ், மொசைக் தரையில் கூர்முனை வழுக்கும். ரப்பர் முனையோ, நாற்காலிக் காலில் மாட்டும் பட்டையோ இல்லாமல் நிற்க வேண்டாம்.

படி 3: இடது கை, ஒன்று இரண்டு நான்கு

எலெக்ட்ரிக் பேஸின் முதல் நான்கு ஃபிரெட்டுகளில் விரலுக்கு ஒரு ஃபிரெட் என்று வைத்தால் ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே சுமார் 13 செ.மீ. அதையே 106 செ.மீ. தந்தியில் செய்தால் கிட்டத்தட்ட 16 செ.மீ. விரிக்க வேண்டும். சில நிமிடம் விரிக்கலாம், ஒரு பாட்டு முழுக்க விரித்தால் மணிக்கட்டில் வலி வரும்.

அதனால்தான் டபுள் பேஸ் ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டலின் பாடமுறையைப் பின்பற்றும் வாசிப்பில், கழுத்துப் பகுதியில் மூன்றாம் விரல் (மோதிர விரல்) தனியாக வேலை செய்வதில்லை. முதல் விரல் ஒரு சுரம், இரண்டாம் விரல் அடுத்த செமிடோன் (அரைத் தொனி), நான்காம் விரல் அதற்கடுத்தது. நான்காம் விரல் அழுத்தும்போது மூன்றாம் விரல் கூடவே படிந்து பலம் கொடுக்கும். ஆக ஓரிடத்தில் கை அடக்குவது ஒரு முழுத் தொனி மட்டுமே. மிச்சத்துக்குக் கை நகர வேண்டும். எலெக்ட்ரிக்கில் கை உட்கார்ந்திருக்க விரல்கள் ஓடும். இங்கே கையே ஓட வேண்டும். இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் பாதி வழி வந்தாயிற்று.

கட்டைவிரல் நெக்கின் பின்புறம் இரண்டாம் விரலுக்கு நேரே இருக்கட்டும். முழங்கையைத் தொங்கவிடாதீர்கள். இடுக்கிபோல் நசுக்காமல், கையின் எடை பின்னோக்கித் தொங்கித் தந்தியை அழுத்த வேண்டும். கட்டைவிரலை ஒரு நொடி எடுத்துப் பாருங்கள்: சுரம் அப்படியே நின்றால் எடையால் அழுத்துகிறீர்கள்.

முதல் பயிற்சி எஃப் மேஜர். கை நகரவே வேண்டாம். ஈ தந்தியில் நட்டிலிருந்து சுமார் 6 செ.மீ. தள்ளி முதல் விரலில் எஃப், நான்காம் விரலில் ஜி. ஏ தந்தி திறந்த நிலையில். அதே தந்தியில் முதல் விரலில் பி ஃபிளாட், நான்காம் விரலில் சி. பிறகு திறந்த டி, அதில் இரண்டாம் விரலில் ஈ, நான்காம் விரலில் எஃப்.

இரண்டாவது ஜி மேஜர். கையைப் பிரிட்ஜ் பக்கமாக ஒரு செமிடோன் நகர்த்துங்கள். ஈ தந்தியில் இரண்டாம் விரல் ஜி, திறந்த ஏ, முதல் விரல் பி, இரண்டாம் விரல் சி, திறந்த டி, முதல் விரல் ஈ, நான்காம் விரல் எஃப் ஷார்ப், கடைசியில் திறந்த ஜி.

சுருதி சேர்ந்ததா என்பதைக் கருவியே சொல்லும். ஈ தந்தியில் ஜி வாசிக்கும்போது திறந்த ஜி தந்தியைக் கவனியுங்கள். இடம் சரியாக இருந்தால் தொடாமலே அது நடுங்கும், சில மி.மீ. தவறினாலும் அசையாமல் நிற்கும். டி தந்தியில் வரும் ஈ-க்குத் திறந்த ஈ தந்தி இதேபோல் பதில் சொல்லும். மற்ற சுரங்களுக்கு எலெக்ட்ரானிக் தம்பூராவை அந்த மேஜரின் ஆதார சுரத்தில் ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு சுரத்தையும் நான்கு எண்ணிக்கை நீட்டுங்கள். டியூனர் ஊசியைப் பார்த்து வாசித்தால் கண் பழகும், காது பழகாது. ஃபிங்கர்போர்டில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமானால் ஒட்டுங்கள், ஆனால் பக்கவாட்டில் சிறு புள்ளியாக மட்டும்.

படி 4: வலது கை

விரல் நுனியால் கிள்ளினால் மெலிந்த சத்தம்தான் வரும். கட்டைவிரலை ஃபிங்கர்போர்டின் ஓரத்தில் ஊன்றி, ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கிச் சாய்த்து, அதன் பக்கவாட்டுச் சதை முழுவதும் தந்தியில் படும்படி வையுங்கள். கையின் எடையோடு குறுக்கே இழுத்து, விரலை அடுத்த தந்தியில் போய் நிற்கவிடுங்கள். இழுக்கும் இடம் ஃபிங்கர்போர்டின் கீழ்முனைக்குச் சற்று மேலே. மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்துப் பாடல்களின் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பேஸிலிருந்து எலெக்ட்ரிக்குக்கு வந்தவர். அங்கேயும் ஒரே ஆள்காட்டி விரலால்தான் வாசித்தார். இரண்டு விரல் மாற்றி மாற்றி வாசிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம் 15, 20 நிமிடம் வாசித்து இடைவெளி விடுங்கள். கொப்புளம் வந்தால் ஆறும்வரை நிறுத்துங்கள். தோல் எரிச்சல் இயல்பு. மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் அது இயல்பல்ல. படி 1-க்கும் 2-க்கும் திரும்பிப் போங்கள்.

படி 5: தந்தி தேர்வு

மேலே சொன்னவை ஓரளவு படிந்த பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தந்தி வாங்குங்கள். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: வில் பிடிக்கப் போகிறீர்களா, எந்த இசை, மேடையில் எந்தப் பிக்கப் (ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் சாதனம்)?

வில் இல்லை, ஜாஸ் நடை, தெளிவான நீண்ட ஒலி என்றால் தோமாஸ்டிக் நிறுவனத்தின் ஸ்பைரோகோர். ஸ்டீல் உள்ளிழை. எலெக்ட்ரிக் பேஸிலிருந்து வருபவருக்கு இதன் நீட்டமும் உறுமலும் பழகிய ஒலியாக இருக்கும். புதிதில் உலோகக் கணீர் அதிகம் கேட்கும், சில வாரத்தில் அடங்கும். பல ஆண்டு உழைக்கும். வில்லுக்கு மட்டும் எளிதில் இணங்காது. இதில் வைஷ் என்பது மென்மையானது, மிட்டல் நடுத்தரம், ஷ்டார்க் கடினமானது. தொடங்குபவருக்கு வைஷ் அல்லது மிட்டல்.

வில்லும் விரலும் இரண்டும் வேண்டும் என்றால் டி'அடாரியோ ஹெலிகோர் ஹைப்ரிட். எதிலும் உச்சம் இல்லை, எதிலும் ஏமாற்றமும் இல்லை. எது பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவருக்கு என் பரிந்துரை இதுதான். மேற்கத்திய செவ்வியல் இசை மட்டும், வில்தான் பிரதானம் என்றால் பிராஸ்ட்ரோ ஃபிளெக்சோகோர்.

கொஞ்சம் இருண்ட, மரத்தன்மையான ஒலி வேண்டுவோர் செயற்கை உள்ளிழைத் தந்திகளுக்குப் போகலாம். பிராஸ்ட்ரோவின் ஒப்ளிகாட்டோ, ஈவா பிராட்ஸி இரண்டும் அந்த வகை. ஈவா பிராட்ஸியின் சாதாரண வகை புதிய கைக்குச் சற்று முரடு. அதிலும் வைஷ் உண்டு, அதை வாங்குங்கள். குடல் தந்தியின் ஒலி அழகானது, பழைய ஜாஸும் ராகபிலி என்ற தொடக்ககால ராக் இசையும் அதில்தான் பிறந்தன. ஆனால் அது ஈரப்பதத்துக்கு உப்பிச் சுருதி நழுவும். சென்னை மாதிரி கடலோர ஊரில் முதல் செட்டாக வேண்டவே வேண்டாம்.

இழுவிசையைப் பற்றி ஒரு வார்த்தை. எலெக்ட்ரிக் பேஸில் ஒரு தந்திக்குச் சுமார் 18 முதல் 23 கிலோ. டபுள் பேஸில் பெரும்பாலும் 25-க்கு மேல். நான்கும் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும். இழுவிசை கூடினால் சத்தம் கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. பல பேஸ்களில், குறிப்பாகப் பிளைவுட் பேஸ்களில், அதிக இழுவிசை மேற்பலகையை அமுக்கி ஒலியைக் குறுக்கிவிடும். குறைந்த இழுவிசைத் தந்தியோ அகலமாக அதிரும் என்பதால் அரை, ஒரு மி.மீ. உயரம் கூடுதலாகக் கேட்கும்.

வாங்கும்போது அட்டையில் ஆர்கெஸ்ட்ரா என்று இருக்கிறதா பாருங்கள். சோலோ என்றிருந்தால் அது ஒரு முழுத் தொனி மேலே, எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ என்று சுருதி சேர்க்கச் செய்தது. காந்தப் பிக்கப் வைத்திருந்தால் ஸ்டீல் உள்ளிழைதான் பாதுகாப்பான தேர்வு. அதிர்வை உணரும் பியெசோ பிக்கப் எதற்கும் ஒத்துவரும்.

படி 6: தந்தி மாற்றுவது

எலெக்ட்ரிக்கில் செய்வதுபோல் நான்கையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. உள்ளே ஜி பக்கத்துப் பிரிட்ஜ் காலுக்குச் சற்றுப் பின்னே சவுண்ட்போஸ்ட் என்ற குச்சி நிற்கிறது. பசை கிடையாது, அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்திருக்கிறது. எல்லாத் தந்தியும் தளர்ந்தால் பிரிட்ஜும் விழும், குச்சியும் விழலாம். விழுந்துவிட்டால் தந்திகளை ஏற்றாதீர்கள். மேற்பலகை குழிந்து விரிசல் விடும். பழுதுபார்ப்பவரிடம் போங்கள்.

தந்தி எந்தப் பெக்கில் (முறுக்காணியில்) எப்படிச் சுற்றியிருக்கிறது என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேஸை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு தந்தியை மட்டும் கழற்றி, நட், பிரிட்ஜ் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேயுங்கள். குண்டுள்ள முனையை, தந்தியின் கீழ்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸில் மாட்டி, மறுமுனையைப் பெக் துளையில் செருகி, இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக வரும்படி ஏற்றுங்கள். பட்டு நூல் சுற்றிய பகுதி நட்டைத் தாண்டிப் பெக் பக்கம்தான் இருக்க வேண்டும். சுருதிக்குக் கிட்டே கொண்டுவந்த பிறகே அடுத்த தந்தி.

ஒவ்வொரு தந்தி ஏறும்போதும் பிரிட்ஜின் தலை ஃபிங்கர்போர்டு பக்கம் இழுபடும். டெயில்பீஸைப் பார்க்கும் பின்முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, இரண்டு கைகளாலும் பிடித்து மெல்லத் தள்ளி நிமிர்த்துங்கள். கவனிக்காமல் விட்டால் பிரிட்ஜ் நிரந்தரமாக வளைந்துவிடும், அல்லது ஒருநாள் படாரென்று விழும்.

ஸ்டீல் தந்தி ஓரிரு நாளில் நிலைபெறும். செயற்கை இழைக்கு ஒரு வாரம் வரை விடுங்கள். ஒரு வாரம் கழித்து உயரத்தை மறுபடி அளவிடுங்கள். புதிய இழுவிசைக்கு ஏற்ப நெக்கும் மேற்பலகையும் கொஞ்சம் அசைந்திருக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீல் துருப்பிடிக்கும். கழற்றிய பழைய செட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பெரிய வளையமாகச் சுருட்டிப் புதியவை வந்த உறையில் வைத்து, தந்தியின் பெயரையும் கழற்றிய தேதியையும் எழுதுங்கள். கச்சேரிக்கு முந்தைய நாள் ஒரு தந்தி அறுந்தால், டபுள் பேஸ் தந்தி பக்கத்துக் கடையில் கிடைக்காது.