கிளப் சந்தாவும் உறுப்பினர் இதழும்: ஷட்டில் ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது நாற்பது வயதில் ஷட்டில் மட்டையைக் கையில் எடுப்பவர்களுக்கு இன்று நம் ஊர்களில் இரண்டு வழி இருக்கிறது. மணிக் கணக்கில் கோர்ட்டை வாடகைக்கு எடுத்து ஆடலாம். இல்லையென்றால் ஒரு கிளப்பில் நுழைவுக் கட்டணமும் மாதச் சந்தாவும் கட்டி உறுப்பினராகலாம். இரண்டாவது வழியில் போகிறவர்களில் பலர் முதல் மூன்று மாதம் தவறாமல் போகிறார்கள். பிறகு சந்தா மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. ஆட்டத்தில் ஆர்வம் குறைந்ததை விட, சேரும்போது கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

கிளப்பில் காசு கொடுத்து நாம் வாங்குவது ஒன்றே ஒன்று: நமக்குத் தோதான நேரத்தில், நம் தரத்தில் ஆடக்கூடிய ஆட்கள். நீச்சல் குளமும் கேன்டீனும் சீட்டாட்ட அறையும் அதற்குப் பிறகுதான். சந்தா தகுமா என்ற கணக்கை இதை வைத்துத்தான் போட வேண்டும்.

மாதச் சந்தாவை மட்டும் பார்ப்பது

"மாதம் 1,200 ரூபாய்தானே" என்று சொல்லிச் சேர்பவர்கள் நுழைவுக் கட்டணத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. நுழைவுக் கட்டணம் 15,000, திரும்பக் கிடைக்காது. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 17,700. ஐந்து ஆண்டு தொடர்ந்து ஆடுவீர்கள் என்று வைத்து 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 295. சந்தா 1,200, வரியோடு 1,416. ஆக உண்மையான மாதச் செலவு 1,711 ரூபாய்.

வாடகைக் கோர்ட் மணிக்கு 400 ரூபாய் என்றால், நான்கு பேர் பகிரும்போது தலைக்கு 100. அப்படியானால் மாதம் 17 மணி நேரத்துக்கு மேல் கோர்ட்டுக்குள் நின்று ஆடினால்தான் கிளப் லாபம். வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் ஆடுகிறவருக்கு மாதம் 8 மணி நேரம்தான் தேறும்; மணிக்கு 214 ரூபாய் ஆகிவிடும். மாதம் 22 நாள் வந்து முழு ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கோ 78 ரூபாய்தான். உங்கள் ஊர் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.

வாடகைப் பக்கமும் ஒரு ஓட்டை உண்டு. நான்கு பேரில் ஒருவர் காலையில் "வர முடியல" என்று செய்தி அனுப்பினால் மீதி மூவருக்கும் தலைக்கு 133 ரூபாய், ஆட்டமும் அரைகுறை. இரண்டு பேர் வராவிட்டால் 200. அலுவலக நண்பர்களை நம்பி ஆரம்பிக்கும் பல குழுக்கள் கலைவது இப்படித்தான். கிளப்பில் யார் வராவிட்டாலும் ஆட ஆள் இருக்கும். அந்த நிச்சயத்துக்கு மணிக்கு இருபது முப்பது ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. இருநூறு கொடுக்கத் தேவையில்லை.

எத்தனை கோர்ட் என்று கேட்டுவிட்டு, எத்தனை பேர் என்று கேட்காமல் விடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மூன்று கோர்ட் இருந்தால் இரட்டையர் ஆட்டத்தில் ஒரே நேரத்தில் 12 பேர் ஆடலாம். காலை 6 முதல் 8 வரை 120 நிமிடம். 36 பேர் வந்தால் மூன்று சுற்று, ஆளுக்கு 40 நிமிடம். 21 புள்ளி ஆட்டம் ஒன்று சாதாரணமாக 12 முதல் 15 நிமிடம் பிடிக்கும். ஆக மூன்று ஆட்டம் கிடைக்கும். 48 பேர் வந்தால் ஆளுக்கு 30 நிமிடம், இரண்டே ஆட்டம். மீதி ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். உடல் சூடாகி, பிறகு ஆறிப்போய், மறுபடி திடீரென்று பாய்ந்து ஆடும்போதுதான் நடுவயதில் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் பிடித்துக்கொள்கின்றன.

மொத்த உறுப்பினர் எண்ணிக்கையைச் செயலாளர் சொல்வார். அதில் பயன் குறைவு. பாதிப் பேர் வருவதே இல்லை. நீங்கள் ஆடப்போகும் நேரத்தில் நேரில் போய்த் தலையை எண்ணுங்கள். ஒரு வேலை நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு என்று மூன்று நாள் 6.15 மணிக்குப் போனால் போதும். அப்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: வரிசை எப்படி நடக்கிறது? போர்டில் பெயர் எழுதி அந்த வரிசைப்படி இறங்குகிறார்களா, அல்லது பழைய எட்டுப் பேர் தங்களுக்குள்ளேயே மாறி மாறி ஆடிக்கொண்டிருக்கிறார்களா? இரண்டாவது வகைக் கிளப்பில் புதிதாகச் சேர்பவர் எவ்வளவு கட்டினாலும் மாதக்கணக்கில் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். உங்கள் தரத்தில் குறைந்தது எட்டுப் பேராவது அந்த நேரத்தில் வந்தால்தான் ஒழுங்கான ஆட்டம் அமையும். கெஸ்ட் கட்டணம் கட்டி ஒரு வாரம் ஆடிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்கே மறுக்கும் கிளப்பில் நுழைவுக் கட்டணம் கட்ட அவசரப்பட வேண்டாம்.

காக் செலவு யாருடையது என்று தெரியாமல் சேர்வது

சந்தாவில் காக் (மட்டையால் அடிக்கும் ஷட்டில் பந்து) அடங்குமா, தனியாகப் பிரிப்பார்களா என்பதை எழுத்தில் பாருங்கள். பலருக்கு மாத இறுதியில்தான் தெரிய வருகிறது. இறகு காக் ஒரு குழாயில் 12 இருக்கும். குழாய் 1,500 ரூபாய் என்றால் ஒன்று 125. ஓர் ஆட்டத்துக்கு ஒன்று செலவானால் தலைக்கு ஏறத்தாழ 31 ரூபாய். மூன்று ஆட்டத்துக்கு 94. மாதம் 12 நாள் ஆடினால் 1,125. சந்தாவுக்கு இணையான இன்னொரு சந்தா அது. வேகமாக அடிக்கிறவர்கள் ஆட்டத்துக்கு இரண்டு உடைப்பார்கள். செலவும் இரண்டு மடங்கு.

இந்தச் செலவு கட்டுக்குள் இருக்குமா என்பது நிர்வாகம் காக் வாங்கும் விதத்தைப் பொறுத்தது. காக்கின் வேக எண் 75, 76, 77 என்று குழாயின் மூடியில் இருக்கும்; எண் குறைந்தால் வேகமும் குறைவு. வெயிலில் காற்று லேசாவதால் காக் கூடுதல் தூரம் போகும். அதனால் நம் சமவெளி ஊர்களில் 75 அல்லது 76 பொருந்தும். மலிவாகக் கிடைத்தது என்று 77 வாங்கினால் பந்து கோட்டைத் தாண்டிக்கொண்டே இருக்கும். இறகை மடக்கி வேகத்தைக் குறைப்பார்கள், அது சீக்கிரம் ஒடியும். சரியான வேகமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: பின்கோட்டில் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், காக் எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். உலர்ந்த இறகும் பட்டுப் பட்டென்று முறியும். முதல் நாள் இரவே குழாயைத் திறந்து கொஞ்சம் ஈரப்பதம் படும்படி வைக்கும் கிளப்பில் காக் கூடுதல் நேரம் தாங்கும். ஆடத் தொடங்கியவர்களுக்கு நைலான் காக் போதும். வெயில் காலத்துக்குப் பச்சைப் பட்டை போட்டது, அதுதான் மெதுவானது.

எல்லாவற்றையும் "கிளப்" என்று நம்புவது

பெயர்ப்பலகையில் கிளப் என்று இருந்தாலும் பல இடங்கள் தனியார் நடத்தும் கோர்ட்டுகள்தான். அங்கே நீங்கள் வாடிக்கையாளர். கணக்குக் கேட்கவோ நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கவோ உரிமை இல்லை. அது தவறில்லை, நன்றாக நடக்கும் தனியார் இடங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அங்கே "ஆயுள் உறுப்பினர்" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். ஆண்டுச் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவான சங்கமானால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவை வைத்து, பதிவாளரிடமும் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு எண்ணையும், சங்கத்தின் விதித் தொகுப்பான பைலாவின் ஒரு பிரதியையும் கேளுங்கள். எந்த வகை உறுப்பினராகச் சேர்க்கிறார்கள் என்பதும் முக்கியம்: தற்காலிக உறுப்பினருக்கும் கம்பெனி வழி உறுப்பினருக்கும் பெரும்பாலும் ஓட்டுரிமை இருக்காது.

ஆயுள் சந்தா கட்டும் முன் நிலம் யாருடையது என்றும் கேளுங்கள். சொந்த நிலமா, கோயில் நிலமா, அரசுக் குத்தகையா, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது? கிண்டியில் ரேஸ் கிளப் வைத்திருந்த சுமார் 160 ஏக்கர் அரசு நிலத்தின் குத்தகை 2024 செப்டம்பரில் ரத்து செய்யப்பட்டது. நூறாண்டு கடந்த கிளப்புக்கே அந்த நிலை என்றால், பத்து வருடக் குத்தகையில் ஷெட் போட்ட கிளப்பின் "ஆயுள்" எவ்வளவு என்று நீங்களே எடைபோடலாம்.

வரியிலும் கவனம் வேண்டும். 18 சதவீதம் வாங்கினால் ரசீதில் கிளப்பின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். எண் இல்லாத ரசீதில் வரி வாங்கக்கூடாது. திருப்பித் தரும் டெபாசிட்டுக்கு வரி கிடையாது. ஆகவே நுழைவுக் கட்டணமும் டெபாசிட்டும் ஒரே ரசீதில் ஒரே தொகையாக இருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையங்களுக்கு 5 சதவீதமாகக் குறைந்ததை வைத்து, கிளப் சந்தாவுக்கும் அதுவே என்று எண்ணிவிட வேண்டாம்.

சேர்வதற்கு முன் உங்கள் மாவட்ட விளையாட்டு அரங்கிலும் ஒரு முறை விசாரியுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரங்குகளில் மாதக் கட்டணத்தில் ஆட இடம் கிடைக்குமானால், அதையும் கணக்கில் வைத்து ஒப்பிடலாம்.

இதழைப் படிக்காமல் தூக்கிப் போடுவது

கிளப் தன் உறுப்பினர்களுக்கு அனுப்பும் காலாண்டு இதழோ ஆண்டு மலரோ வீட்டுக்கு வந்ததும் பழைய பேப்பர் கட்டில் சேர்த்துவிடுகிறோம். "இதுக்குத்தான் சந்தாவை ஏத்துறாங்க" என்ற குறையும் கூடவே வரும். அந்தக் குறை சரியா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 400 உறுப்பினர்; ஆண்டுக்கு ஒரு மலர்; அச்சுக்கும் தபாலுக்கும் 60,000; விளம்பர வரவு 45,000. நிகரச் செலவு 15,000, ஆளுக்கு ஆண்டுக்கு 37 ரூபாய் 50 காசு. இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. விளம்பரமே இல்லாமல் அதே செலவில் ஆண்டுக்கு நான்கு இதழ் என்றால் ஆளுக்கு 600 ரூபாய். அப்போது கேட்கத்தான் வேண்டும்.

செலவு எங்கே வீணாகிறது என்பது இதழைக் கையில் எடுத்தாலே தெரியும். முழுக்க ஆர்ட் பேப்பரில் பல வண்ணத்தில் அச்சிடுவது முதல் வீண்; உள்ளே 70 ஜி.எஸ்.எம். எடையுள்ள மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள் போதும், அட்டைக்கு மட்டும் ஆர்ட் கார்டு. நடுவில் பின் அடிக்கும் இதழ் நான்கின் மடங்கில்தான் வரும். 18 பக்கச் செய்தி இருந்தால் 20 பக்கம் ஆகும், அந்த இரண்டு பக்கத்தில் வாழ்த்துச் செய்தி ஏறும். 200, 300 பிரதிதான் வேண்டும் என்றால் ஆஃப்செட்டில் பிளேட் செலவு பிரதிக்குப் பிரதி கனமாக விழும். டிஜிட்டல் அச்சில் விலை கேட்டுப் பார்க்க வேண்டும். பி.டி.எஃப். போதும் என்பவர்களுக்கு அதையே அனுப்பிவிட்டு, அச்சுப் பிரதி கேட்பவர்களுக்கு மட்டும் அச்சிடலாம். ஆனால் அச்சை அடியோடு நிறுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்ட முடிவுகளை அடுத்த வருடம் யாராலும் தேடி எடுக்க முடியாது. போட்டி முடிவுகளும் பொதுக்குழுத் தீர்மானங்களும் தாளில் இருந்தால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

சேரப்போகிறவருக்கு அந்தப் பழைய இதழ்கள்தான் மிக நல்ல சாட்சி. கடந்த இரண்டு ஆண்டு இதழ்களைக் கேட்டு வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். உள்போட்டி எத்தனை நடந்தது, எந்தெந்த வயதுப் பிரிவில்? பெண்கள் பிரிவில் எத்தனை ஜோடி? வென்றவர்களின் பெயரும் பொறுப்பாளர்களின் பெயரும் வருடா வருடம் அதேதானா? "கோர்ட் தரை மேட் மாற்றும் பணி விரைவில்" என்ற அறிவிப்பு நான்கு இதழாக அப்படியே இருக்கிறதா? வரவு செலவு அச்சாகியிருக்கிறதா, விளம்பர வருமானம் அதில் தனி வரியாகக் காட்டப்பட்டிருக்கிறதா? பிரமுகர் படங்களும் பிறந்தநாள் பட்டியலும் மட்டுமே நிறைந்த இதழ் வழவழப்பாக இருந்தாலும், அந்தக் கிளப்பில் ஆட்டம் பின்னுக்குப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டே பக்கத்தில் அடுத்த மூன்று மாதப் போட்டித் தேதிகள், கோர்ட் மூடும் நாட்கள், முடிவுகள், கணக்கு ஆகியவற்றைத் தரும் இதழ் உறுப்பினர் கொடுக்கும் காசுக்கு நேர்மையாக இருக்கிறது.

இதழ் நடத்துகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று அட்டையில் போட்டுவிட்டதாலேயே உறுப்பினரின் வீட்டு முகவரி, செல்பேசி எண், பிறந்த தேதி ஆகியவற்றை அச்சிட்டுவிடக்கூடாது. அந்த இதழ் எடைக்குப் போகும், யார் கைக்கும் போகும். கேட்டு, சம்மதம் வாங்கிப் போடுங்கள். ஒவ்வொரு உறுப்பினரும் மலருக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் சந்தா ஏற்றம்தான், ரசீது வராத ஏற்றம்.

கிளப்பில் சேர்ந்தால் போட்டியில் ஆடலாம் என்று எண்ணுவது

35 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டாகப் பிரியும் மாஸ்டர்ஸ் போட்டிகளில் மாவட்ட, மாநில அளவில் ஆட ஆசைப்படுகிறவர்கள், கிளப் அட்டையை வைத்துக்கொண்டு கடைசி நாளில் ஓடக்கூடாது. பாட்மின்டன் சங்கத்தில் வீரராகப் பதிவு செய்வது தனி வேலை. அதற்குத் தனிக் கட்டணமும் வயதுச் சான்றும் வேண்டும். கடைசித் தேதிக்குச் சில வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அதுபோலவே, கிளப் உறுப்பினர் என்பதால் காயத்துக்குக் காப்பீடு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கிளப் எடுத்திருக்கும் பாலிசி பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான். தனிநபர் விபத்துப் பாலிசியை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வருவதை நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுக்காமல் விடுவது

போகாமல் இருந்தால் தானாகவே பெயர் நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பல பைலாக்களில் ராஜினாமாக் கடிதம் வரும்வரை சந்தா பாக்கியாக ஏறிக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்துப் பெயரை நீக்கும்போது டெபாசிட்டில் அந்தப் பாக்கியைக் கழித்துக்கொள்வார்கள். வெளியூர் மாற்றம், அறுவை சிகிச்சை, முழங்கால் வலி என்று ஆறு மாதம் ஆட முடியாது என்றால், முதலில் வெளியூர் உறுப்பினர் சந்தா அல்லது தற்காலிக நிறுத்தம் உண்டா என்று கேளுங்கள். பல கிளப்புகளில் குறைந்த தொகைக்கு அந்த வசதி இருக்கிறது. விலகுவதே முடிவு என்றால் மாதத் தொடக்கத்துக்கு முன் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கி, பாக்கியில்லை என்ற சான்றோடு டெபாசிட் ரசீதின் அசலைக் காட்டிப் பணத்தைப் பெறுங்கள். அசல் ரசீதைச் சேர்ந்த நாளிலேயே படம் எடுத்து வைத்திருந்தால், அது தொலைந்துபோனாலும் நகல் ரசீது கேட்டு விண்ணப்பிக்கலாம்.