கிராமத்துக்குக் குடிவரும் குடும்பங்களுக்கு: குசினியிலிருந்து தொடங்குங்கள்

பிரான்சில் லிமோஜ் நகரப் பக்கத்துக் கிராமங்களுக்குப் பிள்ளைகளோடு குடிவரும் நம்மவர்களின் முதல் கவலை சாப்பாடுதான். பாரிஸ் லாச்சப்பல் தமிழ்க் கடைகள் ரயிலில் மூன்று மணித்தியாலத்துக்கும் மேல். பயப்படாதீர்கள். உளுந்து, புளி, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, இவ்வளவும் அங்கிருந்து வந்தால் போதும். கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிரீசரில் போட்டுவிடுங்கள், மாதக்கணக்கில் இருக்கும்.

சூப்பர்மார்க்கெட்டில் 'லான்தீய் கொராய்' என்று விற்பது நம் மைசூர்ப் பருப்பேதான். 'புவா கசே' என்ற உடைத்த பட்டாணி நன்றாகக் கரையும். துவரம்பருப்பு இல்லாத நாளில் சாம்பாருக்குக் கைகொடுக்கும்.

மரக்கறிக்கு வாரச்சந்தைதான். காலையிலேயே போங்கள், மதியத்தோடு கட்டிவிடுவார்கள். கடைக்காரரிடம் 'போன்ஜூர்' சொல்லாமல் விலை கேட்கக் கூடாது. இங்கே அது பெரிய மரியாதைக் குறைவு. நுவரெலியா லீக்ஸ் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குக் குளிர்காலம் கொண்டாட்டம். பீற்றூட்டை அவித்தே விற்பார்கள், பச்சையாக வேண்டுமென்றால் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

'பிளெத்' என்றொரு கீரை, தண்டு வெள்ளையாகத் தடித்திருக்கும். வறைக்கு இதைவிட நல்லது இங்கே இல்லை என்பேன். தண்டைச் சிறிதாக அரிந்து வெங்காயம், மிளகாயோடு முதலில் வதக்குங்கள். அது பாதி வெந்த பிறகுதான் இலை. ஒன்றாகப் போட்டால் இலை குழைந்துவிடும், தண்டு வேகாது. கேக் சாமான்களோடு விற்கும் உலர்ந்த தேங்காய்ப்பூவை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துப் பிழிந்து, இறக்கும்போது தூவுங்கள்.

மார்கழியில் தோசைமா பொங்காது. அவணை மூட்டாமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவை இரவு முழுக்க உள்ளே வையுங்கள். காஸ் குழாய் வராத வீடென்றால் சிலிண்டர்தான். பியூட்டேன் வாயுச் சிலிண்டரை வெளியே வைத்தால் உறைபனி நாளில் அடுப்பு எரியாது. புரோப்பேன் குளிரைத் தாங்கும், ஆனால் அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது.

பிள்ளைக்கு மூன்று வயதானால் கல்வி கட்டாயம், 2019 முதல் சட்டம் அப்படி. தடுப்பூசிப் புத்தகம், முகவரிச் சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் மேரிக்கு, அதாவது ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். மதியச் சாப்பாடு கன்ரீனில். வாரத்தில் ஒரு வேளை இறைச்சியும் மீனும் இல்லாத சாப்பாடு கொடுத்தாக வேண்டும். மற்ற நாட்களில் மாட்டிறைச்சி வேண்டாமென்றால் பதியும்போதே சொல்லுங்கள். மாற்றுச் சாப்பாடு தருவது அந்தந்த ஊரின் விருப்பம், எல்லா இடத்திலும் கிடைக்காது. பல ஊர்களில் புதன்கிழமை பள்ளி இல்லை. அன்று பிள்ளைகளைக் குசினிக்குள் கூப்பிட்டு ரோல்ஸ் சுருட்டப் பழக்குங்கள், தமிழும் கூடவே வரும்.

கோடையில் அயலவர்கள் கூர்ஜெத் என்ற சுரைக்காய் இனக் காயைக் கூடைகூடையாகக் கொண்டுவந்து தருவார்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள், உறைப்புக் குறைத்து நாலு வடை வைத்துக் கொடுங்கள். தோட்டம் போடும் முறையையும் அவர்களிடமே கேளுங்கள். மே 11, 12, 13, இந்த மூன்று நாளும் கழியும்வரை மிளகாய், கத்தரி, தக்காளிக் கன்றுகளை வெளியே நட மாட்டார்கள், பிந்திய உறைபனிக்கு அவ்வளவு பயம். நீங்களும் அதுவரை கன்றுகளை ஜன்னலோரத்திலேயே வைத்திருங்கள்.

இலையுதிர்காலத்தில் காட்டில் காளான் பொறுக்கக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். ஆனால் தெரியாத காளானை மருந்துக்கடையில் காட்டிக் கேட்காமல் சட்டியில் போடாதீர்கள்.